கிறிஸ்துமஸுக்குப் பதினான்கு வீட்டுப் பலகாரம்: நமுத்துப் போகாமல் செய்வது எப்படி?

கேள்வி: சேலம் அரிசிபாளையத்தில் குடியிருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கம், சொந்தபந்தம் என்று பதினான்கு வீடுகளுக்குப் பலகாரம் கொடுப்பது எங்கள் வழக்கம். கடையில் வாங்கிக் கொடுக்க இப்போது கட்டுப்படியாகவில்லை. போன வருஷம் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தேன். ஆரஞ்சுச் சாற்றில் ஒரு வாரம் ஊறிய உலர்பழம் போட்டுக் கேக் செய்து, 20ஆம் தேதியே சுற்றி வைத்தேன். 26ஆம் தேதி இரண்டு வீட்டில் பூசணம் பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். தட்டுவடை நாலாம் நாளே நமுத்துவிட்டது. கடலை மிட்டாய் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. ஏற்காடு நாகலூரில் இருக்கும் நாத்தனார் என் அளவிலேயே செய்த கேக் நடுவில் குழிந்துவிட்டது. இந்த வருஷம் 2,500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். ஓவன் கிடையாது. பதினான்கில் நான்கு வீட்டார் முட்டை தொடமாட்டார்கள். இரண்டு வீட்டில் சர்க்கரை நோயாளிகள். ஒரு பங்கு சென்னையில் இருக்கும் தம்பிக்குப் பார்சலில் போக வேண்டும். கேக் இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று மாமியார் கேட்கிறார். வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. சேலத்தில் கெட்ட மூன்று பலகாரத்தையும் கெடுத்தது ஈரம்தான். கேக்கில் ஈரம் உள்ளேயே தங்கியிருந்தது. தட்டுவடையில் கொஞ்சம் உள்ளேயும், மிச்சம் டப்பாவுக்குள்ளும் இருந்தது. கடலை மிட்டாய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டது. நாத்தனாரின் கேக் குழிந்ததற்கு மட்டும் மலை காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எதைச் செய்வது, எதை விடுவது என்று பார்ப்போம். பரிசுப் பையில் கேக் வேண்டாம். கேக்குக்கு வெண்ணெயும் முட்டையும் உலர்பழமும் வேண்டும். ஓவன் இல்லாமல் குக்கரில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பு எரியும். பதினான்கு வீட்டுக்கு அது சிக்கனம் ஆகாது. பலகாரத்திலேயே சீக்கிரம் கெடுவதும் அதுதான். ஒரே ஒரு கேக் செய்து வீட்டில் வையுங்கள். பண்டிகையன்று வருகிறவர்களுக்குத் தட்டில் வெட்டி வைத்தால் மாமியாருக்கும் குறை இருக்காது. அச்சு முறுக்கையும் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். ஒரே அச்சை வைத்துக்கொண்டு பதினான்கு வீட்டுக்குச் சுட்டு எடுக்க அரைநாள் போய்விடும். சென்னைப் பார்சலில் முழுசாகவும் போய்ச் சேராது.

பைக்குள் போக வேண்டியவை நான்கு: தட்டுவடையும் அதற்கான காரச் சட்னிப் பொடியும், கடலை மிட்டாய், முட்டை சேர்க்காத கலகலா (மைதா மாவைச் சுருட்டிப் பொரிக்கும் இனிப்பு), சுக்குமல்லிப் பொடி. வீட்டுக்கு ஏறத்தாழ அரைக்கிலோ வரும். கீழே சொல்லும் அளவுகளுக்கு மளிகை, எண்ணெய், தேங்காய் எல்லாம் சேர்த்துத் தோராயமாக 1,500 முதல் 1,600 ரூபாய் ஆகலாம். விலை வாரத்துக்கு வாரம் மாறும், ஆகவே எடையைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் வீட்டுக் கேக், பை, பார்சல் கூலி மூன்றும் அடங்கிவிடும். பருப்பு, மல்லி, வெல்லம் மூன்றையும் தெருக்கடையில் வாங்காமல் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பக்கம் ஒரு நடை போய் மொத்தமாக வாங்கினால் மிச்சம் கண்கூடாகத் தெரியும்.

தட்டுவடையில் இருந்து தொடங்குகிறேன். சேலத்துக்காரர் சென்னைக்குப் போனால் தேடுவது தட்டுவடை செட்டைத்தான். இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வைத்து, சட்னி தடவித் தருவதைப் பார்சலில் அனுப்ப முடியாது. ஆனால் தட்டுவடையையும், தண்ணீர் விட்டால் சட்னியாகும் பொடியையும் அனுப்ப முடியும். காய் அவர்கள் வீட்டிலேயே இருக்கும். வேறு ஊர்க் கடையில் எளிதில் கிடைக்காத பரிசு இது. செலவும் கம்மி.

வீட்டுக்கு 20 தட்டுவடை, அதாவது பத்து செட், என்று வைத்தால் மொத்தம் 280 வேண்டும். பச்சரிசி மாவு 1 கிலோ 250 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 125 கிராம், பொட்டுக்கடலை மாவு 125 கிராம், வெண்ணெய் 100 கிராம், எள் 50 கிராம், மிளகாய்த்தூள் 4 ஸ்பூன், பெருங்காயம், உப்பு. ரேஷன் பச்சரிசியே போதும். கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, தொட்டால் லேசாக ஈரம் தெரியும்போதே மிஷினில் கொடுத்து அரையுங்கள். அந்த மாவைச் சலித்து, விரலால் எடுத்தால் கோலம் இழுக்க வரும் பதத்துக்கு வறுக்க வேண்டும். இந்த வறுப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வறுக்காத ஈரமாவு எண்ணெயை அதிகம் குடிக்கும், தட்டுவடையும் கடினமாகிவிடும்.

வெண்ணெயை மாவில் நன்றாகப் பிசறிய பிறகே தண்ணீர் தெளியுங்கள். இந்த அளவுக்கு ஏறத்தாழ 700 மில்லி பிடிக்கும். கடையில் வாங்கிய உலர்மாவு என்றால் இன்னும் கொஞ்சம் கேட்கும். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசையாதீர்கள். மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு வெந்து முடியும்போது அடுத்ததைப் பிசையுங்கள். வெகுநேரம் பிசைந்து வைத்த மாவு எண்ணெய் குடிக்கும், நிறமும் சிவந்துபோகும். உருண்டை அரைநெல்லிக்காய் அளவு, அதாவது 8 கிராம். வெள்ளைத் துணியில் வைத்து, எண்ணெய் தடவிய கிண்ணத்தின் அடியால் அழுத்தினால் 6 சென்டிமீட்டர் அகலம் வரும். ஓரமும் நடுவும் ஒரே கனமாக இருக்கட்டும். நடு தடித்தால் ஓரம் கருகும்வரை நடு வேகாது. பூரி போல உப்பாமல் இருக்க முள்கரண்டியால் நாலு குத்து குத்துங்கள்.

போன வருஷம் நமுத்ததற்குக் காரணம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நிறத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். மாவைப் போட்டதும் எண்ணெய் சலசலவென்று பொங்கும். அந்தக் குமிழி எல்லாம் மாவிலிருந்து வெளியேறும் தண்ணீர்தான். வேக வேகச் சத்தம் குறைந்து, குமிழி சின்னதாகி, கடைசியில் அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் வரும். சத்தம் அடங்கினால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் போயிற்று என்று பொருள். தீ அதிகமாக இருந்தால் சத்தம் அடங்குவதற்குள் நிறம் வந்துவிடும், நாமும் ஏமாந்து எடுத்துவிடுவோம். மிதமான தீயில் ஒரு ஈட்டுக்கு நான்கு நிமிடம் ஆகும். பன்னிரண்டு பன்னிரண்டாகப் போட்டால் மொத்தம் முடிய இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒருவர் தட்ட, ஒருவர் பொரிக்க என்று இரண்டு பேர் இருந்தால் தீயைக் கூட்டிக் குறைக்கும் அவசரம் வராது.

ஊறவைத்த கடலைப்பருப்பு போட்டீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால் அதுவும் காரணம். பருப்பின் நடுவில் நிற்கும் ஈரம் இரண்டு மூன்று நாளில் சுற்றியுள்ள மாவுக்குப் பரவும். அன்றன்றே தின்பதற்கு அது சரி. பரிசுக்கு வேண்டாம். கறிவேப்பிலை போடுவதாக இருந்தால் கழுவி, துணியில் ஒற்றி, முழுக்க ஆறிக் காய்ந்த பிறகு கிள்ளிப் போடுங்கள்.

பொரித்ததைச் செய்தித்தாளில் போடாதீர்கள். சூடான எண்ணெய் அச்சு மையை இழுக்கும். கம்பி வலையிலோ வடிதட்டிலோ, ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். சூடு முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்தாகி, மேல் அடுக்கில் சொட்டும். மார்கழி விடியலில் காற்றே நனைந்திருக்கும், அந்த நேரத்தில் தட்டைத் திறந்து வைக்கக் கூடாது. பொரிப்பதும் ஆற்றுவதும் காலை பதினொன்றிலிருந்து மாலை நாலுக்குள் முடியட்டும். மழை தூறும் நாளாக இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

சட்னிப் பொடிக்குப் பொட்டுக்கடலை 350 கிராம், வரமிளகாய் 60 கிராம், பூண்டு 150 கிராம், புளி 25 கிராம், கல்லுப்பு 30 கிராம். பூண்டை மெல்லிசாக நறுக்கி, சிறுதீயில் எண்ணெயில் மொறுமொறுவென்று வரும்வரை பொரியுங்கள். நடுவில் ஒரு துண்டைக் கிள்ளிப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, படக்கென்று ஒடிய வேண்டும். புளியைக் கொட்டை, நார் நீக்கி வெறும் சட்டியில் முறுகலாக வறுக்க வேண்டும். எல்லாம் ஆறிய பிறகு அரைத்தால் வீட்டுக்கு 35 கிராம் வரும், இரண்டு வாரம் தாங்கும். பொடிக்குப் பதில் எண்ணெயில் மிதக்கும் பச்சைப் பூண்டுச் சட்னியைப் பாட்டிலில் போட்டுத் தரலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றுப் படாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டு வெளியே நாட்கணக்கில் இருந்தால், மணமோ நிறமோ மாறாமலேயே உயிருக்கு ஆபத்தான நச்சு உண்டாகலாம்.

கடலை மிட்டாய்க்கு நிலக்கடலை ஒன்றரைக் கிலோ, வெல்லம் ஒரு கிலோ வாங்குங்கள். வெல்லம் பளீரென்று மஞ்சளாக இருந்தால் தள்ளி வையுங்கள். அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாலோ, சர்க்கரை கலந்ததாலோ வருவது. செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிப் பக்கம் போனால், பழுப்பேறிய வெல்லத்தில் ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பார்த்து, உப்புக் கரிக்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

கடலையைச் சிறுதீயில் கால்மணி நேரம் வறுத்து, தோலைத் தேய்த்து முறத்தில் புடைத்து, இரண்டாக உடையுங்கள். இதையும் மொத்தமாகச் செய்யக் கூடாது. ஒரு ஈட்டுக்குக் கடலை 250 கிராம், வெல்லம் 180 கிராம், தண்ணீர் 60 மில்லி. இதைவிட அதிகம் போட்டால், தேய்த்து முடிக்கும் முன்பே இறுகிவிடும். ஐந்து ஈடு போட்டால் வீட்டுக்கு 150 கிராமுக்குச் சற்றுக் குறைய வரும்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். அடிகனமான வாணலியில் பாகு காயும்போது பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். துளி பாகை அதில் விட்டுப் பாருங்கள். முதலில் கரைந்து போகும். பிறகு விரலால் சேர்த்தால் மெத்தென்று உருளும், அது அதிரசப் பாகு. அடுத்து உருண்டை கெட்டியாகி, தட்டில் போட்டால் ணங்கென்று சத்தம் கேட்கும். உருண்டை பிடிக்க அது போதும், கடலை மிட்டாய்க்குப் போதாது. நீங்கள் நிறுத்தியது இங்கேதான். தீயைக் குறைத்து இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். இப்போது தண்ணீரில் விட்ட துளி கண்ணாடி போல நிற்கும். எடுத்து வளைத்தால் வளையாமல் முறியும். கடித்தால் பல்லில் ஒட்டாது. நுரையும் பொடியாகி, நிறம் ஒரு படி இருண்டிருக்கும். அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அரை நிமிடம் தாண்டினால் கசப்பு ஏறிவிடும்.

கொட்டும் கடலை இளஞ்சூடாக இருக்கட்டும். ஆறிய கடலையைப் போட்டால் பாகு பட்ட இடத்திலேயே இறுகும். நாலு கிளறு கிளறி, எண்ணெய் தடவிய பலகையில் கொட்டி, எண்ணெய் தடவிய பூரிக்கட்டையால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, இரண்டு நிமிடத்துக்குள் கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். சூடு ஆறியதும் உடனே, துண்டு துண்டாகப் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் அடைக்க வேண்டும். வெல்லம் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் பண்டம். நல்ல பதத்தில் செய்த மிட்டாய்கூட ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் மேலே பிசுபிசுக்கும்.

கலகலாவில் தடுமாற்றம் கம்மி. மைதா 500 கிராமுக்குப் பொடித்த சர்க்கரை 125 கிராம், சூடான நெய் 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. நெய்யை மாவில் ஊற்றிப் பிசறினால், கையில் பிடித்தால் பிடியாக நிற்கும், அழுத்தினால் உதிரும். அந்தப் பதம் வந்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி போலச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்து, அரைமணி நேரம் மூடி வையுங்கள். புதுச் சீப்பின் முதுகிலோ முள்கரண்டியிலோ அழுத்திச் சுருட்டுங்கள். சுருளின் வாயை அழுத்தி ஒட்டாவிட்டால் எண்ணெயில் விரிந்துவிடும். இதற்குத் தீ இன்னும் குறைவாக இருக்க வேண்டும், சர்க்கரை சீக்கிரம் சிவக்கும். இதே அளவில் மூன்று தடவை செய்தால் பதினான்கு வீட்டுக்கும் 150 கிராம் வீதம் வரும். டப்பாவில் ஈரம் படாமல் இருந்தால் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு லிட்டர் போதும், ஆனால் வரிசை முக்கியம். முதல் நாள் கலகலா பொரித்து, எண்ணெயைத் துணியில் வடிகட்டி வைத்து, மறுநாள் அதிலேயே தட்டுவடை பொரியுங்கள். மாற்றிச் செய்தால் மிளகாய், பெருங்காய வாசனை இனிப்பில் ஏறும். கலகலாவில் முட்டை சேர்க்க வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டை போட்ட மாவு வெந்த எண்ணெயில் சுட்ட தட்டுவடையை, முட்டை தொடாத அந்த நான்கு வீட்டுக்குக் கொடுக்க மனசு ஒப்பாது அல்லவா? இப்போது பையில் இருக்கும் எதிலும் முட்டை இல்லை என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

சுக்குமல்லிப் பொடிக்கு மல்லி 500 கிராம், சுக்கு 200 கிராம், மிளகு 50 கிராம், சீரகம் 50 கிராம், ஏலக்காய் 15 கிராம். சுக்கைத் தட்டி ஒரு நாள் வெயிலில் வையுங்கள், மற்றவற்றைத் தனித்தனியாக வாசனை வரும்வரை வறுத்து, ஆறவைத்து மிஷினில் அரையுங்கள். பொடியில் கருப்பட்டியோ வெல்லமோ கலக்காதீர்கள். கலந்தால் மழைநாளில் கட்டிதட்டும், சர்க்கரை நோயாளிகளும் குடிக்க முடியாது. வெல்லம் என்றால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக இருக்கிறது, அது தவறு. அந்த இரண்டு வீட்டுக்கும் கடலை மிட்டாயையும் கலகலாவையும் எடுத்துவிட்டு, வறுத்த உப்புக்கடலை 150 கிராமும், இரட்டைப் பங்கு சுக்குமல்லிப் பொடியும் வையுங்கள். தட்டுவடையும் அரிசிதான், அதைப் பாதியாக்கிவிடலாம். நாத்தனார் வரும்போது நாகலூரிலிருந்து கொஞ்சம் மிளகு கொண்டுவந்தால், ஒரு சின்னப் பாட்டில் நிறைய அதையும் சேர்த்துக் கொடுங்கள். ரசத்துக்கும் பாலுக்கும் தினமும் கைக்கு எட்டும் பொருள், ஆறு மாதம் ஆனாலும் வீணாகாது. ஏற்காட்டுக் காபித்தூள் கொடுப்பதாக இருந்தால் மட்டும், கொட்டையாக வாங்கி வைத்து 22ஆம் தேதி அரையுங்கள். அரைத்த தூள் நாளுக்கு நாள் மணம் இழக்கும்.

இனி, வீட்டில் வைக்கும் ஒரே கேக். உலர்பழத்தை ரம்மில் ஊறவைத்தால் அதிலுள்ள சாராயமே கெடாமல் காக்கும். ஆரஞ்சுச் சாறு அப்படிக் காக்காது. ஒரு வாரம் சாறு குடித்து உப்பிய பழம் கேக்குக்குள் அங்கங்கே ஈரப் பைகளாக உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் சூடு ஆறாமல் நெகிழித் தாளில் சுற்றியிருந்தால் ஆவியும் சேர்ந்து, பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? இந்த முறை ஊறவே வேண்டாம். பொடியாக நறுக்கிய உலர்பழம் 200 கிராமை அரை டம்ளர் ஆரஞ்சுச் சாற்றில் போட்டு, சாறு முழுக்க வற்றும்வரை சிறுதீயில் பத்து நிமிடம் கிளறி, ஆறவிட்டு, அளந்த மைதாவிலிருந்தே இரண்டு ஸ்பூன் எடுத்துப் புரட்டுங்கள். பழம் அடியில் தங்காது.

மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன் தலைதட்டி, வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 125 கிராம், முட்டை மூன்று, பட்டை கிராம்பு ஜாதிக்காய்த் தூள் ஒரு ஸ்பூன். நிறத்துக்கு 75 கிராம் சர்க்கரையைக் கருஞ்சிவப்பாக உருக்கி 75 மில்லி வெந்நீர் விடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், சீறித் தெறிக்கும். ஆறிய பிறகே மாவில் சேர்க்கலாம். குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் இரண்டு டம்ளர் உப்பைப் பரப்பி, ஒரு வளையம் வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு கேக் பாத்திரத்தை இறக்குங்கள். மிகக் குறைந்த தீயில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முக்கால் மணி நேரம் வரை மூடியைத் திறக்கக் கூடாது. குச்சி குத்தி, ஒட்டாமல் வந்தால் சரி. ஆறுமணி நேரம் ஆறவிட்டுப் பட்டர் பேப்பரில் சுற்றுங்கள். 22ஆம் தேதி செய்தால் 25ஆம் தேதிக்குப் பதமாக இருக்கும், 27க்குள் தீர்த்துவிடுங்கள். எந்தக் கேக்கிலாவது பூசணம் தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் தின்னக் கூடாது. வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

நாத்தனாருக்கு இதே கேக்கில் மாற்றம் வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. அதனால் பேக்கிங் பவுடர் எழுப்பும் குமிழிகள் அளவுக்கு மீறிப் பெருத்து, மாவு வெந்து கெட்டியாகும் முன்னே உடைந்துவிடும். நடுவில் குழி விழுவது அதனால்தான். ஒரு ஸ்பூனுக்குப் பதில் முக்கால் ஸ்பூன் போடச் சொல்லுங்கள். ஈரமும் அங்கே வேகமாக ஆவியாகும், இரண்டு ஸ்பூன் பால் கூடுதலாகச் சேர்க்கலாம். அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். பாகுக்கு வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்கள் ஐந்து டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் துளி விட்டுப் பார்க்கும் நம் முறைக்கு மலையும் தரையும் ஒன்றுதான், அது சூட்டை அல்ல, பாகின் கெட்டியைக் காட்டுகிறது.

மலை ஆரஞ்சு கிடைத்தால் தோலைத் தூக்கிப் போட வேண்டாம். டூட்டி ஃப்ரூட்டி வாங்கும் காசு மிச்சம். உள்ளிருக்கும் வெள்ளை நாரைச் சுரண்டி, மெல்லிசாக நறுக்கி, மூன்று தடவை புதுத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் கசப்பு இறங்கும். தோலின் எடைக்குச் சம எடை சர்க்கரையும் மூழ்கும் அளவு தண்ணீரும் விட்டு, பாகு வற்றும்வரை காய்ச்சி, தட்டில் இரண்டு நாள் உலர்த்துங்கள்.

நாட்கணக்கு இப்படி இருக்கட்டும்: 16ஆம் தேதி கலகலா, 17 தட்டுவடை, 18 பொடிகள், 19 கடலை மிட்டாய், 20 சென்னைப் பார்சல், 22 கேக், 23 மற்ற வீடுகளுக்கு. பை கட்டும் வேலையை 20ஆம் தேதிக்கு முன் தொடங்க வேண்டாம். அதுவரை எல்லாம் பெரிய எவர்சில்வர் டப்பாக்களில் இருக்கட்டும்.

பெட்டிக்குப் பணம் கொட்டாதீர்கள். நல்ல அட்டைப்பெட்டி ஒன்றின் விலைக்கு உள்ளே இருக்கும் கடலை மிட்டாயே வந்துவிடும். ஜாம், ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டில்களைப் பொடிகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கழுவி, வெயிலில் ஒரு பகல் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், மூடியின் உள்தாளில் ஈரம் நிற்கும். தையல் கடையில் வெட்டுத்துணி கேட்டு வாங்கி முடிச்சாகக் கட்டினால் அழகாகவும் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மொறுமொறுப்பான பண்டத்தையும் கடலை மிட்டாயையும் ஒரே உறையில் போடக் கூடாது. மிட்டாயின் ஈரம் தட்டுவடைக்குப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனி உறை, வாய் இறுக ஒட்டியிருக்க வேண்டும்.

நாகலூருக்குப் போகும் உறையில் காற்றை நன்றாக அமுக்கி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் கடைச் சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒட்டிய உறை அந்த உப்பலைத் தாங்காமல் வாய் பிளக்கலாம். தம்பியின் பார்சலில் தட்டுவடையை நாணயம் அடுக்குவது போல நெட்டையாகப் பத்துப் பத்தாக அடுக்கிப் பட்டர் பேப்பரில் உருட்டிக் கட்டுங்கள். படுக்கையாகப் பரப்பினால் உடையும். அட்டைப்பெட்டிக்குள் உருளைகளைச் சுற்றிப் பழைய துணி திணித்து, குலுக்கினால் சத்தம் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பொடிப் பாட்டில் அடியில், தட்டுவடை மேலே.

ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு வையுங்கள். செய்த தேதி, ஜனவரி 1க்குள் சாப்பிட வேண்டும் என்பது, முட்டை இல்லை என்பது, நிலக்கடலை இருக்கிறது என்பது. நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் எந்த வீட்டிலும் இருக்கலாம். தட்டுவடைக்குக் கீழே இதையும் எழுதுங்கள்: "இரண்டு ஸ்பூன் பொடிக்கு நாலு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். கேரட், பீட்ரூட் துருவி, வெங்காயமும் மல்லித்தழையும் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு தட்டுவடையில் சட்னி தடவி, காய் வைத்து, இன்னொன்றால் மூடி, உடனே சாப்பிடுங்கள்."